இத்தா அறைக்கு வந்த வயர்

என் கணவர் தோஹாவில் மௌத்தாகிப் பதினேழாம் நாள் காலை, என் மூத்த சகோதரி ராத்தா ஒரு நீல வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் வந்தாள். நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. கல்முனைப் பக்கத்தில் இதை இம்மியும் பிசகாமல் பார்ப்பார்கள். உம்மா பழைய வெள்ளைச் சாரிகளை இரட்டையாகத் தைத்து ஜன்னல்களுக்கு மாட்டியிருந்தார். பகலா பின்னேரமா என்பதை மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

"இந்தா வயர். ஆளக் கூப்பிட்டு இழுப்பம்" என்றாள் ராத்தா.

அந்த ஒரு வயருக்காக என் கணவர் எட்டு மாதம் காத்திருந்தார். அது எங்கும் கிடைக்காத பொருள் அல்ல. நான்தான் இழுக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். கணக்கு டீச்சர் என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நானும் பெருமையாக நினைத்திருந்தேன். அந்தப் பெருமை எனக்கு என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. வாப்பா ராத்தாவுக்கும் எனக்கும் கடற்கரைப் பக்கம் இரண்டு வீடு கட்டித் தந்தார். மாப்பிள்ளைகள் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். சுனாமி இரண்டு வீட்டையும் அத்திவாரத்தோடு வழித்துக்கொண்டு போனது. வாப்பாவையும் கொண்டு போனது. மிஞ்சியது வயல் பக்கமாக வாப்பா எப்போதோ வாங்கிப் போட்டிருந்த ஒரு துண்டு வளவு. அதை இரண்டாக்கி, தெருப்பக்கம் ராத்தாவும் பின்பக்கம் நானும் வீடு கட்டினோம். என் வீட்டுக்குப் போய்வர ஓரமாக ஒரு பாதை விட்டோம். உம்மா என்னோடு இருந்தார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊர் பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிட்டது.

அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்காகத்தான் அவர் கட்டாருக்குப் போனார். ஒரு கடையின் களஞ்சியத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. எங்கள் கல்யாணப் படங்கள் எல்லாம் கடலோடு போயிருந்தன. அவர் படம் என்று என்னிடம் இருந்தது அடையாள அட்டையின் போட்டோப் பிரதி ஒன்றுதான். அதில் அவர் வேறு யாரோ போல முறைத்துக்கொண்டிருப்பார்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் லீவில் வந்தவர், கல்முனை பஸாரிலிருந்து ஒரு கொம்பியூட்டரை ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்கினார். அதன் தலையில் செருகுவதற்கு ஒரு குட்டிக் கெமராவும் இருந்தது.

"குரலக் கேட்டுக் கேட்டே முகம் மறந்து போகுது புள்ள. இனி வெள்ளிக்கு வெள்ளி உன்னப் பாக்கணும்" என்றார்.

என் வீட்டுக்கு டெலிபோன் லைன் கிடையாது. ராத்தா வீட்டில் இருந்தது. அதில் புதிதாக இன்டர்நெட்டும் எடுத்திருந்தார்கள். அவர்களது முன் மண்டபத்தில், டீவிக்குப் பக்கத்தில், பச்சை வெளிச்சம் மின்னிக்கொண்டு ஒரு ரவுட்டர் பெட்டி இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நாலு ஓட்டைகள். ராத்தாவின் கொம்பியூட்டருக்கு ஒன்று போக மூன்று சும்மா கிடந்தன.

"இதில ஒண்டுக்குள்ள ஒரு வயரக் குத்தி உண்ட ரூமுக்கு இழுத்தாக் காணும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே லைன்" என்றார். எல்லாம் முடிந்துவிட்டது போல அவருக்கு ஒரே சந்தோஷம்.

வயர் வாங்கப் போன அன்று கடை பூட்டியிருந்தது. அடுத்த நாள் அவருக்குப் பிளேன். போகுமுன், முகம் பார்த்துக் கதைப்பதற்கு என் பெயரில் ஓர் எக்கவுண்டைத் திறந்து, பெயரையும் பாஸ்வேர்டையும் என் பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். வயரை மட்டும் வாங்கி இழுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய் ஒரு மாதத்துக்குள் ராத்தா மதில் கட்டினாள். கட்டட்டும், அவளுடைய வளவு. ஆனால் என் பாதையில் ஒன்றரை அடியை விழுங்கிக் கட்டினாள். மேசன் நூல் பிடித்ததில் வந்த பிழை என்றாள். கணக்கு டீச்சருக்கு அளவு சொல்லித்தர வந்துவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். "நாளைக்கு எண்ட வீட்டில ஒரு மௌத்து விழுந்தா, சந்தூக்கத் தூக்கிட்டுப் போகவும் இந்தப் பாதை காணாது" என்று கத்தினேன். சந்தூக்கு என்றால் ஜனாஸாவை, மௌத்தானவரின் உடலை, வைத்துத் தூக்கும் பெட்டி. அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. உம்மா மட்டும் இங்கும் அங்கும் போய் வந்தார். ராத்தா என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவளுடைய ரவுட்டரிலிருந்து எனக்கு ஒரு வயரா? செத்தாலும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெள்ளி தோறும் அவர் போன் எடுப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"வயர் இழுத்தாச்சா?"

நான் ஒரு வெள்ளிக்கு ஒரு பொய்யாகச் சொன்னேன். கடையில் அந்த வயர் இல்லை என்றேன். மழை என்றேன். வேலைக்காரர் பெருநாளுக்குப் போய்விட்டார் என்றேன். சோதனைத் தாள் திருத்துகிறேன், நேரமில்லை என்றேன். மதிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடல் கடந்து போய்க் கஷ்டப்படுகிற மனிதருக்குக் குடும்பச் சண்டை எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் ராத்தாவின் பக்கம் பேசிவிடுவார் என்ற பயம்தான். பஸாரில் நெட் கடை இருந்தது, போயிருக்கலாம். நாலு பொடியன்மார் பார்த்துக்கொண்டிருக்க, படிப்பிக்கிற டீச்சர் கெமராவுக்கு முன்னால் தன் புருஷனோடு கொஞ்சிக் கதைப்பதா? அதுவும் முடியாது.

"சரி புள்ள. அடுத்த வெள்ளி பாப்பம்" என்பார். ஒரு தடவையும் கோபிக்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய அறைத்தோழர் போன் எடுத்தார். இரவு படுத்தவர் விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை என்றார். ஜனாஸாவை ஊருக்கு அனுப்பக் கிழமைக் கணக்கில் சுணங்கும், அங்கேயே அடக்கட்டுமா என்று கேட்டார். மனைவி சம்மதம் சொல்ல வேண்டுமாம். நான் "ஓம்" என்றேன். என் பாதையால் சந்தூக்கு போகவே இல்லை.

அன்று முதலில் ஓடி வந்தவள் ராத்தா. என்னைக் கட்டிப்பிடித்தாள், குளிக்க வைத்தாள், வெள்ளை உடுப்பு எடுத்துத் தந்தாள். அவள் வீட்டில்தான் சமையல் நடந்தது. தேவையான சொற்களை மட்டும் பேசிக்கொண்டோம். மதிலைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து அறைத்தோழர் மறுபடி போன் எடுத்தார். உடுப்புப் பெட்டியை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று கேட்டவர், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்.

"அவர் உங்களுக்கு வெள்ளிக்கு வெள்ளி கொம்பியூட்டரில எழுதிப் போடுவாரே தங்கச்சி, அதெல்லாம் பாத்தீங்களா?"

என்ன எழுதினார் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். ஜும்ஆ முடிந்து வந்து, அறையில் இருந்த கொம்பியூட்டருக்கு முன்னால் தலை வாரிக்கொண்டு உட்காருவாராம். நான் வராவிட்டால் ஏதாவது எழுதி அனுப்பிவிட்டு எழும்புவாராம். நான் என் எக்கவுண்டைத் திறந்தால் அவ்வளவும் வரும். "ஆனா கனநாளாத் திறக்காட்டி அழிச்சுப் போடுவாங்க. கெதியாப் பாருங்க" என்று சொல்லி வைத்தார்.

அந்த நேரத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. தோஹாவில் அவரை அடக்கிய கப்ரை நான் பார்க்கப் போவதில்லை. கடைசி முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காக அவர் எழுதியது மட்டும் எங்கேயோ திறக்காமல் கிடக்கிறது; நாட்கள் போகப் போக அதுவும் அழிந்துவிடும். இத்தா முடிகிறவரை காத்திருக்க முடியாது. வாசலைத் தாண்டவும் முடியாது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட ராத்தா வந்து சொன்னாள். "பேரையும் பாஸ்வேர்டையும் தா. எங்கட கொம்பியூட்டரில திறந்து வாசிச்சுச் சொல்றன்."

"புருஷன் பொண்டாட்டி கதைச்சத நீ வாசிக்கப் போறியா?" என்றேன். அவள் முகம் செத்துப்போனது. இரண்டு நாள் என் அறைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோதுதான் கையில் அந்த நீலச் சுருள் இருந்தது.

மருதமுனையிலிருந்து கொம்பியூட்டர் வேலைக்காரர் ஒருவரை அழைத்தார்கள். முன்பு ரேடியோ திருத்தியவர், நாற்பது வயதிருக்கும். யுத்த காலத்தில் கல்முனைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டுமாம்; பைக்குள் வயரும் குறடும் இருந்தால் கேள்வி மேல் கேள்வி கேட்பார்களாம். இப்போது மோட்டார் சைக்கிளில் என் பாட்டுக்கு வந்து போகிறேன் என்று ராத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

கொம்பியூட்டரை உம்மாவும் ராத்தாவும் தூக்கி என் இத்தா அறைக்குள் வைத்திருந்தார்கள். வேலைக்காரர் உள்ளே வர முடியாது. என்னைப் பார்க்க முடியாது. என் குரலும் அவர் காதில் விழக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. கடைசியில் ஒரு வழி பிடித்தோம். அவர் பாதையில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு என் ஜன்னலுக்கு வெளியே இருந்து சொல்வார். நான் உள்ளே இருந்து செய்வேன். ஓம் என்றால் அகப்பைக் காம்பால் ஜன்னல் பலகையில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு.

வயர் ராத்தாவின் ஜன்னலால் வெளியே வந்து, மதிலுக்கு மேலால் ஏறி, என் ஓட்டு விளிம்போடு ஓடி, ஜன்னல் சட்டத்தில் துளைத்த ஒரு துவாரத்தால் உள்ளே வந்தது. நுனியில் இருந்த கொளுவி, பெட்டியில் செருகும் பிளாஸ்டிக் முனை, அந்தத் துவாரத்துக்குள் நுழையவில்லை. அதனால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகக் கொளுவி போட வேண்டியிருந்தது. உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள். வரிசை பிசகக்கூடாதாம். "வெள்ளை ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம்" என்று ஓதுகிறவர் போல அவர் முணுமுணுத்தது வெள்ளைச் சாரிக்கு அப்பால் கேட்டது. ஒரு கொளுவியைத் துவாரத்துக்கு வெளியே போட்டுவிட்டு, அது உள்ளே வராது என்று கண்டு இன்னொரு தரம் வெட்டினார். துவாரத்தைப் பெரிதாக்கலாமே என்று எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அகப்பையால் அதைச் சொல்ல முடியாது. நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் அவருக்கே விளங்கித் துவாரத்தைப் பெரிதாக்கினார்.

"டீச்சர், பெட்டிக்குப் பின்னால சதுரமா ஒரு ஓட்டை இரிக்கி. வயர அதுக்குள்ள தள்ளுங்க. டக் எண்டு சத்தம் கேக்கும். கேட்டதா?"

ஒரு தட்டு.

"கீழ் மூலையில ரெண்டு குட்டிக் கொம்பியூட்டர் படம் தெரியுதா? அதில சிவப்புப் புள்ளடி இரிக்கா?"

இரண்டு தட்டு. பெருக்கல் குறி போல நிற்கும் அந்தச் சிவப்புப் புள்ளடி போய்விட்டிருந்தது. அவர் சொன்னபடி ஒவ்வொன்றாக அழுத்தி, விலாசம் தானாக வரட்டும் என்ற இடத்தில் புள்ளி வைத்தேன். ஒரு பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. அதற்குள் பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வேலைக்காரர் கிளம்பினார். தொழுதுவிட்டு, மனசை நிதானப்படுத்திக்கொண்டு, தனியாக இருந்து என் கணவர் எழுதியதை வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால் சிவப்புப் புள்ளடி மறுபடி நிற்கிறது. எதை அழுத்தினாலும் பக்கம் வரவில்லை. வயரைக் கழற்றி மாட்டினேன். மூன்று தரம் அணைத்துப் போட்டேன். பிறகு அந்த இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

மூன்று நாள் கழித்து வேலைக்காரர் மறுபடி வந்தார். அவர் வந்து கதிரையில் இருந்ததும் எல்லாம் சரியாக வேலை செய்தது. கொளுவி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது என்று இரண்டு நுனியையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். பிறகு ரவுட்டரின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று நீளமாக ஓர் இலக்க வரிசையைச் சொன்னார். அங்கே என்ன எழுதியிருக்கிறது, எத்தனை வரி, மூன்றாம் வரியில் என்ன என்று கேட்டார். அகப்பைக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்விகள்.

நான் காம்பைக் கீழே போட்டேன். "மூண்டாம் வரியில 'இணைக்கப்பட்டது' எண்டு இங்கிலீஷில போட்டிரிக்கி. நாலாம் வரி வெறும். இன்னும் என்ன வேணும்?" என்றேன்.

உம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கணக்குச் சொல்ற மாதிரிக் கதைச்சனே தவிர வேறென்ன உம்மா" என்றேன். அதற்குப் பிறகு அகப்பை சமையலறைக்குப் போய்விட்டது.

அன்றும் அவர் போன கொஞ்ச நேரத்தில் லைன் போய்விட்டது. என் பெயரின் பாதியைத்தான் அடித்திருந்தேன்.

மூன்றாம் தடவை, கொம்பியூட்டருக்கு உள்ளே வயர் சேரும் அட்டைதான் பழுது என்று முடிவு செய்தார். அவர் உள்ளே வர முடியாதபடியால் உம்மாவும் ராத்தாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை. என் கொம்பியூட்டர் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தது. புது அட்டை போட்டார். வேலை செய்தது. எழும்பும்போது களைத்துப்போய்ச் சொன்னார்.

"எனக்கே வெக்கமா இரிக்கி டீச்சர். நான் இரிந்தா வருது, போனாப் போகுது."

அவர் அலுத்துப்போய்ச் சொன்ன அந்தச் சொல்லை நான் விடவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கில் சொல்லிக்கொடுப்பேன், மாறுவதைப் பார், மாறாததை விடு என்று. அவர் போகும்போது என்ன மாறுகிறது? வயர் மாறவில்லை. பெட்டி மாறவில்லை. நான் அறையில்தான் இருக்கிறேன். அப்படியானால் மாறுவது மதிலுக்கு அந்தப் பக்கம். ராத்தாவைத் தவிர, அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் போய் வருகிற ஆள் உம்மா ஒருவர்தான்.

"உம்மா, அந்த மனிசன் போனதும் ராத்தா வீட்டில என்ன செய்வீங்க?"

"என்னத்தச் செய்யிற? சுவிட்ச நூத்திட்டு வருவன்."

"எந்த சுவிட்ச்?"

"டீவிட சுவிட்சத்தான். மௌத்தான வீட்டில நாப்பது முடியாம டீவி போடலாமா? உண்ட ராத்தாட மாப்பிள்ள நியூஸ் கேக்கிறன் எண்டு போடுவார். அதான் சுவரிலயே நூத்து வெச்சிடுற. அந்த மனிசன் வேலைக்கு வந்தா அவருக்குக் கரண்ட் வேணும்தானே, அப்ப போட்டுக் குடுக்கிற."

டீவியும் ரவுட்டரும் ஒரே பிளக்கில் இருந்தன; அந்த சுவிட்சை நூத்தால் இரண்டும் சேர்ந்தே அணையும். டீவிக்குப் பக்கத்தில் வெளிச்சம் மின்னுகிற பெட்டி. உம்மாவுக்கு அதுவும் டீவியின் குட்டிதான். மௌத்துக்குப் பிறகு ராத்தா வீட்டில் கொம்பியூட்டரை யாரும் தொடாததால் இது ஒருவருக்கும் தெரியவில்லை. தன் மருமகனுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து, அவர் எழுதியவை என்னிடம் வருகிற வழியை ஒவ்வொரு நாளும் பூட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மௌத்தான பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் முகம் வாடிப்போனது. "நானா மகள் மறிச்சன்?" என்று கேட்டார். நீங்கள் சில நாள் மறித்தீர்கள், நான் எட்டு மாதம் மறித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் அப்போதே எழும்பிப் போய் அந்த சுவிட்சைப் போட்டுவிட்டு, டீவியின் வயரை மட்டும் கழற்றிச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை அல்ல. பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு, பாடக்குறிப்புக் கொப்பியைத் திறந்து வைத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். எக்கவுண்ட் உயிரோடு இருந்தது. முதலில் அவருடைய பெயர் சாம்பல் நிறத்தில் வந்தது. பிறகு அவர் எழுதியவை வரிசையாக இறங்கத் தொடங்கின. முப்பதுக்கு மேல் இருந்தன. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த எங்கள் தமிழ். அவர் குரல் அப்படியே கேட்டது.

"புள்ள, வந்திட்டன். நீ இல்லையா? சரி, வயர் வந்திரிக்காது."

"இண்டைக்கு ரூமில நெய்ச்சோறு. ஆறு பேர் ஒரே தட்டில திண்டம். உப்புக் கூட. நீ இரிந்தா ஏசியிரிப்பாய்."

"யுத்தமும் முடிஞ்சிட்டு. இன்னும் ஒரே ஒரு தரம் எக்ரிமெண்ட் போட்டுட்டு ஊரோட வந்திடுவன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு வாசித்தேன். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து வந்து இவர் எனக்காக இருந்திருக்கிறார். இதை எழுதி அனுப்பிவிட்டு, அதே கையால் போனை எடுத்து வயர் இழுத்தாச்சா என்று கேட்டிருக்கிறார். நானும் மழை என்று சொல்லியிருக்கிறேன்.

பத்தாவதோ பதினோராவதோ, அது கொஞ்சம் நீளமாக இருந்தது.

"நேத்து உண்ட ராத்தா போன் எடுத்தா. மதில் சண்டையச் சொன்னா. அழுதா. வயர் அவவே வாங்கி வெச்சிரிக்காவாம், கொண்டு போய்க் குடுக்கவா எண்டு கேட்டா. நான் வேணாம் எண்டு சொல்லிட்டன். நீயாப் போய்க் கேக்கட்டும். எண்ட முகத்தப் பாக்கிற ஆசையிலயாவது நீ அவக்கிட்டப் போவாய் எண்டு நினைக்கிறன். வாப்பாவும் இல்லாம நீங்க ரெண்டு பேர்தானே. எனக்கு அவசரமில்ல புள்ள, நான் பொறுத்திரிப்பன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் சொன்ன அத்தனை பொய்யையும், கடை பூட்டு, மழை, சோதனைத் தாள், எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். சரி புள்ள, அடுத்த வெள்ளி பாப்பம் என்றிருக்கிறார்.

கடைசியாக எழுதியது அவர் மௌத்தாவதற்கு முந்திய வெள்ளி.

"இண்டைக்கு இருவது நிமிஷம் இரிந்தன். கெமராவப் போட்டுத்தான் வெச்சன், நீ வந்தா உடன தெரியட்டும் எண்டு. புதுச் சேர்ட். சரி, மறுகா பாப்பம்."

அந்தச் சேர்ட்டின் நிறம்கூட எனக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வந்த ஆசையை எப்படிச் சொல்வேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அந்தக் கெமராவுக்கு முன்னால் அவரைப் பார்த்திருந்தால் போதும். இன்னும் இருபது வருடம் சேர்ந்து வாழ ஆசைப்படவில்லை, அந்த நேரத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

உம்மாவை அனுப்பி ராத்தாவைக் கூப்பிட்டேன். அவள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். நான் கதிரையை விட்டு எழும்பி அவளை இருக்க வைத்தேன். யாரும் வாசிக்கக்கூடாது என்று நான் மறுத்ததை அவளாகவே வாசிக்கட்டும் என்று விட்டேன். அந்த நீளமான செய்திக்கு வந்ததும் அவள் தோள் குலுங்கத் தொடங்கியது.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அகப்பட்டவள் அவள்.

"அவர் சொன்னா நீ கேக்கிறதா? வயர் உண்ட கையிலதானே இரிந்த. நான் கேக்காட்டி என்ன? மதிலுக்கு மேலால தூக்கி எறிஞ்சிரிக்கலாமே. ஏன்கா எறியல்ல?"

ராத்தா திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எறிஞ்சிரிந்தா நீ எடுத்திரிப்பியா?"

ஓம் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். எடுத்திருக்க மாட்டேன். சுருட்டி அவளுடைய முற்றத்துக்கே திருப்பி எறிந்திருப்பேன், தெருவுக்குக் கேட்க நாலு சொல்லும் சேர்த்து எறிந்திருப்பேன். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தோஹாவில் இருந்த அவருக்கும் அது தெரிந்திருந்ததால்தான் பொறுத்திருப்பேன் என்று எழுதியிருக்கிறார்.

"இல்ல" என்றேன்.